பொங்கலுக்கு மாரா... மே மாதம் க்ரூகர்!

ஒரகடத்தில் தயாரான நிசான் மேக்னைட் 2021 முதல் தென்னாப்பிரிக்காவில் விற்பனையாகிறது. அதே ஒரகடத்தின் டெய்ம்லர் ஆலை 2013-இல் ஏற்றுமதியைத் தொடங்கியபோது, ஃபூஸோ லாரிகள் போன நாடுகளில் கென்யாவும் ஒன்று. இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயின் கிராண்ட் ஐ10 ஜோகன்னஸ்பர்க் தெருக்களில் சர்வசாதாரணம். சிங்கப்பெருமாள் கோவில் சாலையில் வரிசையாக நிற்கும் கார் டிரெய்லர்களில் எத்தனையோ வண்டிகள் துறைமுகம் போய், கப்பலேறி, ஆப்பிரிக்காவில் இறங்குகின்றன.

வண்டி போகிறது. அதற்கு போல்ட் முடுக்கிய கை போக முடியுமா? சிங்கத்தையும் யானைக் கூட்டத்தையும் அவற்றின் சொந்தக் காட்டில் பார்க்க, ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் பார்க்கும் ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு ஆகும்?

எல்லோராலும் முடியும் என்று சொன்னால் அது பொய். 2024 செப்டம்பரில் தொடங்கி ஒரு மாதத்துக்கும் மேல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் வேலைநிறுத்தம் நடந்ததே, அப்போது செய்திகளில் அடிபட்ட சராசரி மாதச் சம்பளம் 25,000 ரூபாய். கென்யாவின் மசாய் மாரா காப்பகத்துக்குள் ஒரு வெளிநாட்டவர் ஒரே ஒரு நாள் நுழைய, சீசன் இல்லாத மாதத்தில்கூட 100 டாலர். டாலருக்கு 90 ரூபாய் என்று வைத்தாலே 9,000 ரூபாய். மாதச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் ஒரு நாள் டிக்கெட்டுக்கே போய்விடும். கான்ட்ராக்டில் அதைவிடக் குறைவாக வாங்குகிறவர்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கசக்கும்.

ஆனால் இந்தத் தொழிற்பேட்டையில் கணவன் ஒரு ஆலையிலும் மனைவி இன்னொரு ஆலையிலும் வேலை பார்க்கும் வீடுகள் ஏராளம். சர்வீஸ் ஏறிய பர்மனென்ட் ஊழியர்கள், சூப்பர்வைசர்கள், உதிரிபாகக் கம்பெனிகளின் இன்ஜினீயர்கள் இருக்கிறார்கள். தாய்லாந்தும் துபாயும் போய் வந்தவர்கள் இவர்களில் பலர். ஆப்பிரிக்கா என்றதும் மட்டும், அது கோடீஸ்வரர்கள் சமாச்சாரம் என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அது சரியில்லை. சஃபாரியின் செலவைத் தீர்மானிப்பவை மூன்று: எந்தத் தேதியில் போகிறோம், ஒரு வண்டியில் எத்தனை பேர் உட்காருகிறோம், காப்பகத்தின் கேட்டை எத்தனை மணிக்குத் தாண்டுகிறோம். தங்கும் இடத்துக்கு எத்தனை நட்சத்திரம் என்பதெல்லாம் அதற்கப்புறம்தான்.

ஜூலை 1-இல் இரட்டிப்பாகும் டிக்கெட்

தேதியில் தொடங்குவோம். 2023 வரை மாராவின் நுழைவுக் கட்டணம் பெரியவர்களுக்கு 70, 80 டாலர் அளவில்தான் இருந்தது. 2024-இல் நாரோக் மாவட்ட நிர்வாகம் அதை மாற்றியது. ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். ஜூலை முதல் டிசம்பர் வரை 200 டாலர். காரணம், காட்டுமாடுகளின் பெரும் இடப்பெயர்ச்சி. தான்சானியாவின் செரங்கெட்டியிலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காட்டுமாடுகள் புல்லைத் தேடி வடக்கே வந்து, முதலைகள் காத்திருக்கும் மாரா ஆற்றைக் கடக்கும் மாதங்கள் அவை. உலகமே அப்போது அங்கே கூடுகிறது. டிக்கெட் மட்டுமின்றி அறை வாடகை, வண்டி வாடகை எல்லாம் ஏறிவிடும்.

டி.வி.யில் பார்த்த ஆற்றுக் கடப்பை நேரில் பார்த்தே தீரவேண்டும் என்று நினைத்தால் அந்தப் பணத்தைக் கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்தாலும், ஆற்றங்கரையில் நாள் முழுக்கக் காத்திருந்து, மாடுகள் இறங்காமலே திரும்பிப் போவதும் நடக்கும். முதல் தடவை போகிறவர்களுக்கு என் சிபாரிசு அது இல்லை. மாராவின் சிங்கம், சிறுத்தை, யானை, ஒட்டகச்சிவிங்கி, காட்டெருமை எல்லாம் ஆண்டு முழுக்க அங்கேயே இருப்பவை. காட்டுமாடுகள் போனபின் அவை எங்கும் கிளம்பிவிடுவதில்லை.

இப்போது நம் காலண்டரை எடுங்கள். காலாண்டு விடுமுறை செப்டம்பர் இறுதியில், அரையாண்டு விடுமுறை டிசம்பர் கடைசியில். இரண்டுமே 200 டாலர் காலம். ஏப்ரல் கடைசியிலிருந்து மே முழுக்க பள்ளி லீவு, ஆனால் கென்யாவில் அது பெருமழைக் காலம், மண் சாலையில் வண்டி சிக்கும். மிஞ்சுவது பொங்கல். ஜனவரி நடுவில் ஆலைக்கும் விடுமுறை, பள்ளிக்கும் விடுமுறை. கென்யாவில் அப்போது மழை ஓய்ந்து வெயில் அடிக்கும். டிக்கெட் 100 டாலர். புத்தாண்டுக் கூட்டமும் கலைந்திருக்கும். பொங்கல் லீவோடு நாலைந்து நாள் ஈ.எல். சேர்த்தால் ஒரு வாரம் கிடைத்துவிடும். எங்கோ இருக்கும் மாராவின் கட்டணப் பட்டியல் நம் பண்டிகைக்கு இவ்வளவு தோதாக அமைந்திருப்பதை நம்மூர் டிராவல் ஏஜென்டுகள் ஏன் உரக்கச் சொல்வதில்லை என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது.

செக்கெனானி கேட்டில் மாலை நாலு மணி

இப்போது கேட்டுக்கு வருவோம். பணம் சத்தமில்லாமல் கரையும் இடம் இதுதான். நைரோபியிலிருந்து நாரோக் ஊர் வழியாக மாராவின் செக்கெனானி கேட் வரை ஐந்து, ஆறு மணி நேரப் பயணம். காலையில் கிளம்பி, வழியில் பிளவுப் பள்ளத்தாக்கைப் பார்க்க நிறுத்தி, நாரோக்கில் சாப்பிட்டுப் போனால் மாலை ஆகிவிடும். மாராவின் டிக்கெட் காலை 6 மணி முதல் மாலை 6 மணி வரை, 12 மணி நேரத்துக்கானது. மாலை நாலு மணிக்கு நுழைந்தாலும் முழு நாள் கட்டணம்தான். இரண்டு மணி நேரத்துக்குத் தலைக்கு 9,000 ரூபாய்.

ஆகவே முதல் நாள் மாலை உள்ளே போகாதீர்கள். கேட்டுக்கு வெளியே செக்கெனானியிலும் தலெக்கிலும் சிறிய கூடார முகாம்கள் நிறைய உண்டு. கட்டில், கொசுவலை, கூடாரத்தை ஒட்டியே குளியலறை, மூன்று வேளை சாப்பாடு எல்லாம் இருக்கும். வராந்தாவில் உட்கார்ந்து ஓய்வெடுங்கள். மறுநாள் காலை 6 மணிக்கு, காலைச் சாப்பாட்டையும் மதியச் சாப்பாட்டையும் பொட்டலமாகக் கட்டி வாங்கிக்கொண்டு முதல் வண்டியாக உள்ளே போங்கள். சிங்கங்கள் இரவு வேட்டை முடித்து, வெயில் ஏறுமுன் கண்ணில் படும் நேரம் அதுதான். மாலை 6 மணிக்கு வெளியே வாருங்கள். ஒரு டிக்கெட்டுக்கு 12 மணி நேரக் காடு. இப்படி இரண்டு முழு நாள் சுற்றினால் போதும். காப்பகத்தின் உள்ளேயே தங்கும் விடுதிகளுக்கு வேறு விதி: கிளம்பும் நாளன்று காலை 10 மணிக்குள் வெளியேறினால் அன்றைக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் உள்ளே அறை வாடகை அதிகம். இந்த பட்ஜெட்டுக்கு அது ஒத்துவராது.

அடுத்தது வண்டி. மேற்கூரை தூக்கும் லேண்ட் க்ரூசரும் ஓட்டுநரும் டீசலும் சேர்த்து ஒரு நாளைக்கு 200 டாலர் என்று கணக்கு வையுங்கள். இரண்டு பேர் உட்கார்ந்தாலும் ஆறு பேர் உட்கார்ந்தாலும் அதே 200. ஆறு பேருக்கும் ஆளுக்கொரு ஜன்னல் கிடைக்கும். ஒரே லைனில் வேலை பார்க்கும் மூன்று தம்பதிகள் சேர்ந்து போவதுதான் இதற்குச் சரியான வழி. கூடுவாஞ்சேரியில் மனை வாங்கக் கூட்டாகப் போய்ப் பார்க்கிறவர்களுக்கு இது கஷ்டமே இல்லை.

ஆறு பேர் கூட்டுக்குக் கணக்குப் போடுவோம். இவை நான் திட்டமிடுவதற்காக வைக்கும் தொகைகள், உங்கள் தேதிக்கு ஏற்பக் கூடலாம், குறையலாம். சென்னையிலிருந்து மும்பை வழியாகவோ வளைகுடா வழியாகவோ நைரோபி போய்வர விமான டிக்கெட் தலைக்கு 50,000. கென்யா 2024 ஜனவரியில் விசாவை எடுத்துவிட்டு இணையவழிப் பயண அனுமதி கொண்டுவந்தது, அதற்கு 30 டாலர், அதாவது 2,700. பயணக் காப்பீடு 1,500. மாராவில் இரண்டு நாள் நுழைவு 18,000. ஐந்து நாள் வண்டி 90,000, ஆறாகப் பிரித்தால் 15,000. நைரோபியில் ஒரு இரவு, மாராவில் மூன்று, நைவாஷா ஏரிக்கரையில் ஒன்று என ஐந்து இரவுக்குச் சாப்பாட்டோடு நாளுக்கு 60 டாலர் வீதம் 27,000. ஓட்டுநருக்கும் முகாம் ஊழியர்களுக்கும் டிப்ஸ் 2,000. ஏரியில் படகு, தண்ணீர், சிம் கார்டு, தடுப்பூசி, மாத்திரை எல்லாவற்றுக்குமாக 8,000. மொத்தம் 1,24,200 ரூபாய். ஒன்றேகால் லட்சம்.

இதையே ஒரு தம்பதி தனியாகப் போனால், வண்டிக்கு மட்டும் ஆளுக்கு 45,000 ஆகி, தலைக்கு 1,54,200-இல் வந்து நிற்கும். ஆகஸ்டில் போனால் நுழைவுக்கு மட்டும் இன்னொரு 18,000. முதல் நாள் மாலை ஆசைப்பட்டு உள்ளே போனால் பொங்கலில் 9,000, ஆகஸ்டில் 18,000 கூடும்.

இந்த பட்ஜெட்டில் நான் சேர்க்காதவற்றையும் சொல்லிவிடுகிறேன். வெப்பக் காற்று பலூன் சவாரி ஆளுக்கு 450, 500 டாலர். ஒரு மணி நேரத்துக்கு அவ்வளவு கொடுப்பதைவிட இன்னும் ஒரு வாரம் அங்கே முகாமில் தங்கிவிடலாம். நைரோபியிலிருந்து மாராவுக்குச் சிறு விமானத்தில் போவதும் வேண்டாம், அதில் ஆளுக்கு 15 கிலோ மூட்டைதான், அதுவும் மடங்கும் பையாக இருக்கவேண்டும். தான்சானியாவின் நுகோரோங்கோரோ அற்புதமான இடம். ஆனால் எரிமலைப் பள்ளத்துக்குள் வண்டி இறங்க வரியோடு 295 டாலர், தலைக்கு நுழைவுக் கட்டணம் தனி. அது அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

ஒன்றை மனதில் வையுங்கள்: மாராவில் நாம் கொடுக்கும் பணம் வெறும் வசூல் அல்ல. மாரா என்பது நாரோக் மாவட்ட நிர்வாகத்தின் காப்பகம். அதைச் சுற்றியுள்ள புல்வெளிகளில் மசாய் மக்கள் தங்கள் நிலத்தை வனவிலங்குக்காக விட்டுவைக்கிறார்கள், அதற்கு வாடகை பெறுகிறார்கள். மாடு மேய்த்தாலும் கோதுமை போட்டாலும் அவர்களுக்குப் பணம் வரும். சிங்கத்தை விட்டுவைத்தாலும் பணம் வரவேண்டும் என்பதே அங்குள்ள ஏற்பாடு. விவசாய நிலம் சிப்காட்டாக மாறியதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் நாம். நிலம் காடாகவே இருக்க ஒரு விலை தேவை என்பது நமக்குப் புரியாமல் போகாது.

பிள்ளைகளோடு என்றால் க்ரூகர்

பொங்கலுக்கு லீவு கிடைக்காதவர்கள், சின்னப் பிள்ளைகள் உள்ளவர்கள் மே மாதத்தை எடுத்துக்கொள்ளலாம். அப்போது போகவேண்டிய இடம் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்கா. ஏறத்தாழ 20,000 சதுர கிலோமீட்டர். மே மாதம் அங்கே மழை நின்று, புல் காய்ந்து, குட்டைகள் வற்றத் தொடங்கும் காலம். விலங்குகள் தண்ணீருக்கு வந்தே ஆகவேண்டும். மலேரியாக் கொசுவும் அப்போது குறைவு.

க்ரூகரின் பெரிய வசதி, உங்கள் வண்டியை நீங்களே ஓட்டலாம். நம்மைப் போலவே அங்கும் இடதுபக்கம்தான். தார்ச் சாலையில் 50 கிலோமீட்டர், மண் சாலையில் 40 வேகத்துக்கு மேல் கூடாது. வாடகைக்கு எடுக்கும் சிறிய கார் போதும். அது உங்கள் ஆலையில் பிறந்ததாகவே இருக்கக்கூடும். கிளம்புமுன் டி.என். 87, அதாவது ஸ்ரீபெரும்புதூர் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பன்னாட்டு ஓட்டுநர் உரிமம் வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு வருடம் செல்லும்.

வெளிநாட்டவருக்கு நாள் கட்டணம் 600 ராண்டை ஒட்டி. 12 வயதுக்குக் கீழே பாதி. ராண்டுக்கு 5 ரூபாய் சொச்சம் என்று பார்த்தால், அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என ஒரு குடும்பமே ஒரு நாளைக்கு 10,000 ரூபாய் அளவில் உள்ளே இருக்கலாம். கிட்டத்தட்ட மாராவில் ஒற்றை ஆளுக்கு ஆகும் தொகை. தங்குவதற்கு அரசுப் பூங்கா நிறுவனமே ஸ்குகுசா, லோயர் சாபி போன்ற முகாம்களை நடத்துகிறது. அடுப்பும் ஃபிரிட்ஜும் உண்டு. வழியில் சூப்பர் மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, காய்கறி வாங்கிக்கொண்டு போனால் சாப்பாட்டுச் செலவு வீட்டுச் செலவுதான். ஸ்குகுசாவுக்கும் லோயர் சாபிக்கும் இடையே ஆற்றை ஒட்டிச் செல்லும் சாலையில் காலையில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள், சிறுத்தை பார்க்கப் பேர்போன சாலை அது. மே மாதத்தில் மாலை ஐந்தரைக்கு முகாம் கேட் மூடிவிடும். தாமதமானால் அபராதம்.

நேரமிருந்தால் டர்பனுக்கும் போய்வாருங்கள். 1860-இல் ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிப்போய் நவம்பர் 16-இல் இறக்கிய துறைமுகம் அது. அவர்கள் வழிவந்த தமிழர்கள் கட்டிய முருகன் கோயில்களும் மாரியம்மன் கோயில்களும் இன்றும் அங்கே இருக்கின்றன. அங்கிருந்து மூன்று மணி நேரம் வடக்கே ஓட்டினால் ஹ்லுஹ்லுவே–இம்ஃபோலோசி பூங்கா. அழிவின் விளிம்பிலிருந்த வெள்ளைக் காண்டாமிருகம் பிழைத்தது அந்தக் காட்டில்தான்.

விமானக் கட்டணம் நைரோபியைவிடக் கூடுதல் என்பது க்ரூகரின் குறை. விசா இன்னொரு குறை. வங்கி ஸ்டேட்மென்ட், சம்பளச் சீட்டு, கம்பெனியின் லீவு கடிதம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் கேட்பார்கள், வாரக்கணக்கில் ஆகலாம். பர்மனென்ட் ஊழியருக்கு எச்.ஆர். லீவு கடிதம் கொடுத்துவிடும். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு யார் கொடுப்பது? ஆலை கான்ட்ராக்டரைக் கைகாட்டும், கான்ட்ராக்டர் நாளைக்கு வா என்பார். ஒரே லைனில் ஒரே வேலை செய்யும் இருவரில் ஒருவர் மட்டும் தன் வேலைக்குச் சான்று காட்ட முடியாமல் நிற்பது அநியாயம். அவர்களுக்குக் கென்யாவே சுலபம்: பாஸ்போர்ட், புகைப்படம், விமான டிக்கெட், தங்குமிட முன்பதிவு இவைதான் முக்கியமாகக் கேட்கப்படுபவை.

கென்யா போகிறவர்கள் மறக்கவே கூடாதது மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டு 10 நாள் கழித்தே சான்றிதழ் செல்லுபடியாகும், பிறகு ஆயுளுக்கும் போதும். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் கென்யாவிலிருந்து இந்தியா திரும்பினால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்க விதி இருக்கிறது. அத்தனை நாளும் லீவு போகும், சம்பளமும் போகலாம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களும் 60 வயதைத் தாண்டியவர்களும் மருத்துவரைக் கேட்டே போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்று, கென்யா 2017-லேயே பிளாஸ்டிக் கேரி பைகளைத் தடை செய்துவிட்டது. புளிக்காய்ச்சலும் தக்காளித் தொக்கும் தாராளமாகக் கொண்டுபோங்கள், டப்பாவில் போட்டுத் துணிப்பையில் வையுங்கள்.

கடன் வேண்டாம்

பணத்தை எப்படிச் சேர்ப்பது? தபால் நிலைய ஆர்.டி.யில் மாதம் 5,000 ரூபாய் கட்டினால் 6.7 சதவீத வட்டியில் ஐந்தாண்டு முடிவில் சுமார் 3 லட்சத்து 56 ஆயிரம் கிடைக்கும். தம்பதி தனியாகப் போனாலும் 3 லட்சத்து 8 ஆயிரத்தில் முடியும் பயணம், கூட்டாகப் போனால் இரண்டரை லட்சம். மிச்சம் இருக்கிறதே என்று நிம்மதியாகிவிட வேண்டாம். 2021 தொடக்கத்தில் டாலர் 73 ரூபாய் அளவில் இருந்தது, 2025 டிசம்பரில் 90-ஐத் தாண்டியது. மாரா கட்டணமோ அதே காலத்தில் 80-லிருந்து 100-க்கும் 200-க்கும் போனது. நீங்கள் சேர்ப்பது ரூபாயில், செலவு டாலரில். ஆகவே அந்த மிச்சத்தை மிச்சம் என்று நினைக்காதீர்கள், அது டாலருக்கு ஒதுக்கிய பணம். தீபாவளி போனஸ் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம், உச்சம் 20. அதில் ஒரு பகுதியை ஆண்டுதோறும் தனியே எடுத்து வைத்தால் விமான டிக்கெட்டுக்கு ஆகும்.

ஏலச்சீட்டு போடுகிறவர்கள் பதிவு பெற்ற சீட்டில் மட்டும் போடுங்கள், அவசரப்பட்டு ஆரம்பத்தில் தள்ளி எடுக்காமல் கடைசி மாதங்கள் வரை பொறுத்தால் கழிவு குறையும். பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள்.

'இப்போது போங்கள், பிறகு கட்டுங்கள்' என்று வரும் விளம்பரங்களுக்குக் காது கொடுக்கவே வேண்டாம். 3 லட்சம் ரூபாயைப் பர்சனல் லோனாக 16 சதவீதத்தில் மூன்றாண்டுக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 10,550. வட்டி மட்டும் 80,000 ரூபாயை ஒட்டி வரும். பொங்கல் சீசனில் தம்பதி இருவரும் இன்னும் நாலு நாள் மாராவுக்குள் இருக்கும் பணம் அது. ஓ.டி. பார்த்துக் கடன் கட்டுவதற்காக யாரும் சிங்கம் பார்க்கப் போகக்கூடாது.

டூர் பேக்கேஜாக வாங்கினால் ஏஜென்ட் டி.சி.எஸ். என்று ஒரு தொகை பிடிப்பார். வீதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. அது உங்கள் பான் எண்ணில் ஏறும் பணம், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், திரும்பவும் வாங்கலாம். தாக்கல் செய்யாமல் விட்டுவிடுகிறவர்கள் பலர். அங்கே கிரெடிட் கார்டைத் தேய்த்தால் 3.5 சதவீதம் வரை கூடுதலாகப் பிடிப்பார்கள், அதைவிட ஃபாரெக்ஸ் கார்டு மேல்.

இந்தப் பொங்கலுக்கே போக முடியாது. ஐந்தாண்டு ஆர்.டி. முதிர்ந்தபின் வரும் பொங்கலுக்குப் போகலாம். இந்த மாதமே பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பியுங்கள், கூட வரும் இரண்டு குடும்பங்களிடம் பேசி முடிவு செய்யுங்கள், ஆர்.டி. கணக்கைத் தொடங்குங்கள். 5,000 முடியாதென்றால் முடிந்ததைக் கட்டுங்கள். மூன்று ஆண்டுக்குப் பிறகு இடையில் மூடினால் வட்டி 4 சதவீதமாகக் குறைந்துவிடும், அதனால் இழுத்துப் பிடித்துக் கட்ட முடிந்த தொகையையே எழுதுங்கள். தபால் நிலையத்தில் மாதம் 100 ரூபாயிலும் ஆர்.டி. தொடங்கலாம்.